மேசை நிறைய மீன்

மலாக்கா பண்டார் ஹிலிர் கடற்கரை ஓட்டலுக்குள் காஜா பெராங் குடியிருப்பு ஆட்கள் போகாமல் இல்லை. முட்டை கொண்டுபோனார்கள், வெளுத்த துணி கொண்டுபோனார்கள், புல் வெட்டப் போனார்கள். எல்லாம் பின்வாசல் வழியாகத்தான். மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நடுப்பகலில், தெருவில் இடியப்பம் விற்றுப் பிழைக்கும் பூங்காவனம் தன் மகள் ருக்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனாள். கதவைத் திறந்த வெயிட்டர் தாயின் கறுத்த முகத்தையும் மகளின் வெளுத்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருஷமாக எல்லாரும் பார்க்கிற பார்வைதான். பூங்காவனத்துக்கு அது பழகிப்போயிருந்தது. அன்றைக்கு மட்டும் மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

ருக்மணி சீனக் குழந்தை. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. காஜா பெராங் கம்பத்தில் எல்லாருக்கும் தெரியும், ருக்மணிக்கும் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் தமிழ் வீடுகளில் கொடுக்கப்பட்டு, பாவாடை கட்டி, பொட்டு வைத்து வளர்ந்த சீனப் பெண்கள் மலாக்காவில் ஒன்றிரண்டு பேர் இல்லை. அப்போது பின் சந்தில் கோ என்பவர் தௌஃபூ என்ற சோயாக் கட்டி செய்து விற்றுக்கொண்டிருந்தார். சீன ஆண்களை லாரியில் அள்ளிப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் ரப்பர்காட்டுக்குள் ஓடினார். அவர் மனைவி பூங்காவனத்தின் கொல்லைக் கதவைத் தட்டி, துணியில் சுற்றிய குழந்தையை நீட்டினாள். பூங்காவனத்தின் புருஷன் மருதமுத்து கை நீட்டி வாங்கிக்கொண்டான். அந்த வருஷமே அவனையும் சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். புருஷன் திரும்பவில்லை. பிள்ளை மடியில் இருந்தாள். அவள் இல்லையென்றால் பூங்காவனம் அன்றைக்கே கிணற்றைத் தேடியிருப்பாள்.

சண்டை முடிந்ததும் கோ ஒருமுறை வந்தார். இடுப்பில் இருந்த குழந்தை அவரைப் பார்த்து வீரிட்டு அழுதது. ஒரு பை ஆரஞ்சுப் பழத்தை வாசலில் வைத்துவிட்டு, குனிந்து கும்பிட்டுவிட்டு, மனைவியோடு சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. போன வாரம் திடீரென்று ஒரு கறுப்புக் கார் சந்தில் வந்து நின்றது. கோ இப்போது பெரிய தவுக்கே, முதலாளி, கடற்கரை ஓட்டலில் தங்கியிருக்கிறார், புதன்கிழமை மத்தியானம் பிள்ளையோடு சாப்பிட வரச் சொன்னார் என்று டிரைவர் சொன்னான். பயத்தில் பூங்காவனம் தலையாட்டிவிட்டாள்.

சும்மா சாப்பிடவா ஒருவன் சிங்கப்பூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவான்? வசதி வந்ததும் பிள்ளை ஞாபகமும் வந்துவிட்டது, கூட்டிப் போக வந்திருக்கிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். போகாமல் இருந்தால் வீட்டுக்கே வந்து நிற்பான். அக்கம்பக்கத்தில் யோசனை கேட்டால் பெற்றவனுக்குத்தானே சொந்தம் என்று எவளாவது நியாயம் பேசுவாள். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. மாரியம்மன் கோயிலில் கொடி ஏறியிருந்தது. ருக்மணிக்கு மூன்று வயதில் அம்மை போட்டு உயிர் ஊசலாடியபோது நேர்ந்துகொண்டதிலிருந்து பூங்காவனம் ஒரு வருஷமும் தவறாமல் பால்குடம் எடுக்கிறாள். இந்த வருஷமும் பூசாரி அவள் மணிக்கட்டில் மஞ்சள் துண்டு முடிந்த காப்புக் கயிற்றைக் கட்டியிருந்தார். காப்புக் கட்டினால் மீன், கறி தொடக்கூடாது. வெளியில் ஒரு வாய் சாப்பிடக்கூடாது. பால்குடம் இறக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டவே கூடாது. புதன்கிழமை காலையில் அவள் இன்னொரு நூலை மஞ்சளில் நனைத்து, அடுப்படியிலேயே ருக்மணியின் கையில் கட்டினாள். பூசாரியும் இல்லை, சூடமும் இல்லை. இந்த வருஷம் நீயும் பால்குடம் எடுக்கிறாய் என்று மகளிடம் சொன்னாள். ருக்மணி நம்பினாள்.

சீனர்கள் அம்மனையும் டத்தோ என்றுதான் கும்பிடுவார்கள்; எந்தச் சீனரும் டத்தோவுக்குக் கட்டிய கயிற்றோடு மோதமாட்டார் என்பது பூங்காவனத்தின் கணக்கு. இன்னொன்றும் இருந்தது. பெற்றவன் கையால் ஒரு வாய் உண்டுவிட்டால் பிள்ளையின் ரத்தம் விழித்துக்கொள்ளும் என்று அவள் நம்பினாள். முட்டாள்தனம் என்று சிரிப்பவர்கள் ஒரு பிள்ளையைப் பறிகொடுக்கிற பயத்தோடு ஒரு வாரம் தூங்காமல் கிடந்து பார்க்கட்டும்.

சாப்பாட்டுக் கூடம் கடலைப் பார்த்து இருந்தது. மேலே காற்றாடிகள் சுற்றின. மேசைத் துணியின் வெள்ளையில் கைவைக்கப் பயமாக இருந்தது. கோ தவுக்கே எழுந்து நின்றார். அவள் நினைத்து வைத்திருந்த கொழுத்த பணக்காரன் அங்கே இல்லை. மெலிந்து, தலை நரைத்து, சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடிக்கொண்டிருந்த ஒரு மனிதர் இருந்தார். பூங்காவனத்துக்குக் குனிந்து கும்பிட்டு, வாசலைப் பார்த்த நாற்காலியில் அவளை உட்காரவைத்தார். சீனர் வழக்கத்தில் அது பெரிய விருந்தாளியின் இடம். அவளுக்கு அது தெரியாது. மகள் பக்கத்தில் தான் உட்கார்ந்துகொள்ளத்தான் நம்மைத் தள்ளி உட்காரவைக்கிறான் என்று நினைத்து, நாற்காலியை இழுத்து ருக்மணியோடு ஒட்டிக்கொண்டாள்.

வெயிட்டர் ஒரு கூடை நண்டைக் கொண்டுவந்து உயிரோடு காட்டினார். தவுக்கே ருக்மணியைப் பார்த்து எது வேண்டும் என்று கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேசைத் துணியைப் பார்த்தாள். கடைசியில் அவரே கையைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் மேசை நிறைந்துவிட்டது. இஞ்சி தூவி ஆவியில் வெந்த முழுக் களவாய் மீன், பூண்டு போட்டுப் பொரித்த கையளவு இறால், மிளகாய்ச் சாற்றில் புரண்ட நண்டு. ருக்மணி முள்ளைக்கூட மென்று துப்புகிற மீன் பைத்தியம். காலையிலிருந்து அவள் வயிற்றில் ஒரு டம்ளர் பாலைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"பசிக்குதுமா," என்றாள் மெதுவாக.

"தண்ணியக் குடி," என்றாள் பூங்காவனம்.

தவுக்கே தன் சாப்பாட்டுக் குச்சிகளைத் திருப்பிப் பிடித்து, வாயில் படாத முனையால் ஒரு நண்டுக் காலை எடுத்து ருக்மணியின் தட்டில் வைத்தார். எச்சில் படக்கூடாது என்று அவர் பார்த்துச் செய்தது பூங்காவனத்துக்கு எரிச்சலாக இருந்தது. மரியாதை கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

ருக்மணி தொடவில்லை. பூங்காவனம் மகளின் கையைப் பிடித்து மேசைமேல் வைத்து, மஞ்சள் கயிற்றைக் காட்டினாள். சந்தையில் பேசுகிற பாசார் மலாயில், மனப்பாடம் செய்து வந்ததுபோல ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறோம், மீன் ஆகாது, வெளிச் சாப்பாடு ஆகாது, எல்லையைத் தாண்டக்கூடாது. எல்லை என்ற வார்த்தையை இரண்டு தரம் சொன்னாள்.

தவுக்கே குச்சிகளைக் கீழே வைத்தார். அவருக்கு இதெல்லாம் தெரியும். காஜா பெராங்கில் இருந்த காலத்தில் திருவிழா அன்று டத்தோவுக்கு அவரும் ஊதுபத்தி வைத்தவர்தான். எதுவரைக்கும் என்று கேட்டார். அடுத்த வாரம் பால்குடம் முடியும்வரை என்றாள். நடுவில் ஒரு நாள்கூடப் போய்வர முடியாதா என்று மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார். ஒரு மணி நேரம்கூட முடியாது என்றாள். அவர் கயிற்றைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையசைத்தார். அவ்வளவுதான்.

ஜெயித்துவிட்டோம் என்று பூங்காவனத்துக்கு நம்பவே முடியவில்லை. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் உருண்டு போனது. அவள் டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். வெளிச் சாப்பாட்டில் தண்ணீர் சேருமா சேராதா என்றுகூட யோசிக்கவில்லை.

அப்போது வெயிட்டர் தவுக்கேயின் முன்னால் தனியாக ஒரு தட்டு வைத்தார். வெறும் சோறு, வேகவைத்த கீரை. பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்தது. ஜெயித்தவர்களுக்கு வாய் கொஞ்சம் நீளும். கடலையே மேசைமேல் கொட்டிவிட்டு நீங்கள் புல் தின்கிறீர்களே தவுக்கே, பல் போய்விட்டதா என்று கேட்டாள்.

அவர் கோபப்படவில்லை. குவான் இம் தெய்வத்துக்கு நேர்ந்திருக்கிறேன் என்றார். மனைவி எழுந்து நடக்கும்வரை மீன் இல்லை, இறைச்சி இல்லை. சீனப் பெருநாளிலிருந்து படுத்த படுக்கை, வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் இனிமேல் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் மருந்து கேட்பதில்லை, சோறு கேட்பதில்லை. சாயங்காலம் ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்கிறாள். இன்றைக்கே காரில் கூட்டிப் போய் ஒருதரம் கண்ணில் காட்டலாம் என்று வந்தேன். இவ்வளவு பெரிய உதவியை வாசலில் நின்று கேட்கக்கூடாது, மேசை போட்டு உட்காரவைத்துத்தான் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மீனெல்லாம் என்றார்.

"என் விரதத்த நான் முறிச்சா அவளுக்கு ஆகாது," என்றார். "உன் பிள்ளையோட விரதத்த முறிக்கச் சொல்ல நான் யாரு?"

பிறகு ஒரே ஒரு விஷயம் கேட்டார். டவுனில் போட்டோ கடை திறந்திருக்கும். ருக்மணியை ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் அதைக் கொண்டுபோய்க் காட்டிவிடுவேன், போதும் என்றார். சொல்லிவிட்டுக் கீரையை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். மென்றுகொண்டே இருந்தார், விழுங்கவில்லை.

மேசையைச் சுற்றி மூன்று பேர். நடுவில் ஆவி பறக்க மீன். ஒருவரும் தொடவில்லை. சமையலில் ஏதும் குறையோ என்று வெயிட்டர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு படம். அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பூங்காவனம் எழுந்திருக்கக்கூடப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள். இவன் சொல்வது பொய்யாக இருக்கட்டும் அம்மா தாயே என்று மனதுக்குள் கெஞ்சினாள். சாகக் கிடக்கிறாள் என்று சொல்லிப் பிள்ளையைக் கடத்துகிறவர்கள் உலகத்தில் இல்லையா? ஆனால் கடத்த வந்தவன் வாதாடுவான், மிரட்டுவான். இந்த மனிதர் ஒரு மஞ்சள் நூலைப் பார்த்ததும் பெண்டாட்டியின் கடைசி ஆசையைக் கைவிட்டுவிட்டார். அவளுடைய பொய்யை இப்படி நம்பியவரைப் பொய்யர் என்று எப்படி நினைப்பது?

கொல்லைக் கதவில் நின்ற அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். குழந்தையைக் கொடுத்தபோது அவள் அழவில்லை. சட்டையின் முன்பக்கம் மட்டும் பால் கசிந்து நனைந்திருந்தது.

தானும் கூடப் போய்விடலாமா என்று பார்த்தால், தன் கையில் இருப்பது கோயிலில் கட்டிய நிஜக் காப்பு. ருக்மணியின் உயிருக்காக நேர்ந்தது. அதோடு எல்லை தாண்டி, அந்தப் பழி பிள்ளைமேல் விழுந்துவிட்டால்? தனியாக அனுப்பினால் சிங்கப்பூர் அவளை விழுங்கிவிடும். அனுப்பாவிட்டால் பெற்றவள் முகம் பார்க்காமல் சாவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.  தன்னைத்தானே கட்டிப்போட இவ்வளவு கெட்டிக்காரத்தனம் யாருக்கு வரும்?

"தவுக்கே," என்றாள். மகளின் கயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இது கோயில்ல கட்டுனது இல்ல. என் அடுப்படியில நானே கட்டுனது."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். ருக்மணி தன் கையையே பார்த்தாள். கத்துவார், மேசையைத் தட்டுவார் என்று பூங்காவனம் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் ஏன் என்று மட்டும் கேட்டார்.

"நீங்க எடுத்துட்டுப் போயிருவீங்கன்னு பயம். எனக்கு இவ ஒருத்திதான்."

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.  கைக்குட்டையை இறக்கியபோது பூங்காவனம் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"திருப்பிக் கொண்டுவந்து விடுவீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். அவள் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு வார்த்தை கிடைத்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"கொண்டு வரணும்னுதான் நெனைக்கிறேன்," என்றார். "என் பொண்டாட்டி இவ கையப் புடிச்சிக்கிட்டு, அனுப்பாதேன்னு கேட்டா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல. உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

இதைக் கேட்ட பிறகும் முடியாது என்று சொல்ல அவளுக்கு வழி இருந்தது. சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், அவரே சொல்லியிருக்க மாட்டார். பூங்காவனம் மகளின் கையை இழுத்து, முடிச்சை நகத்தால் நெம்பினாள். வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். மஞ்சள் கசப்பு நாக்கில் ஒட்டியது.

ருக்மணி கையை உதறி எடுத்துக்கொண்டாள். போகமாட்டேன் என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு அவங்கள யாருன்னே தெரியாதேமா."

"அவங்களுக்கு உன்னத் தெரியும்," என்றாள் பூங்காவனம்.

மூவாரில் ஆற்றைக் கடக்கும் கடைசி ஃபெரியைப் பிடிக்க வேண்டும், உடனே கிளம்பினால்தான் உண்டு என்று தவுக்கே தயங்கித் தயங்கிச் சொன்னார். மகள் வெறும் வயிற்றோடு அவ்வளவு தூரம் போவதா என்று பூங்காவனத்துக்குச் சட்டென்று உறைத்தது. தாய் புத்தி அது, எந்த நேரத்திலும் வயிற்றைத்தான் பார்க்கும். தன் கையால் மீனைத் தொட முடியாது. தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே குடுங்க. முள்ளு பாத்துக் குடுங்க."

அவர் நண்டை உடைத்தார். ஓடு இரண்டு தரம் வழுக்கியது. சதையை எடுத்து நீட்டினார். ருக்மணி வாங்கித் தின்றாள். விசும்பிக்கொண்டே தின்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாங்கித் தின்றாள். களவாய் மீனின் கன்னச் சதையை அவர் தோண்டி வைத்தார், அதையும் தின்றாள். பூங்காவனம் கண் கொட்டாமல் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் விழித்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பசித்த பிள்ளை ஒன்று சாப்பிடுவதுதான் தெரிந்தது.

காரில் ஏற்றும்போது மாற்றுத்துணி இல்லையே என்று நினைவு வந்தது. அங்கே வாங்கித் தருகிறேன் என்றார் தவுக்கே. அந்தப் புதுத்துணியில் மகள் எப்படி இருப்பாள் என்று நினைத்ததும் பூங்காவனத்துக்குக் காரின் கதவைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது. இழுக்கவில்லை. காரில் வாந்தி வரும், ஜன்னல் பக்கம் உட்காரவையுங்கள் என்றாள். குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதீர்கள், சளி பிடிக்கும் என்றாள். தூக்கத்தில் உளறுவாள், பயப்படாதீர்கள் என்றாள். தனக்கு மட்டுமே தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்.

ருக்மணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள்.

"நீ எப்பமா வருவே?"

"பால்குடம் எறக்குன மறுநாளே, மொத பஸ்ஸப் புடிச்சு வந்துருவேன். நீ அழாம இரு."

கார் கடலோரச் சாலையில் திரும்பி மறைந்தது. வெயிட்டர் வெளியே வந்து, மீதி மீனைக் கட்டித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் பூங்காவனம் நடந்தாள். வெயிலில் தார் ஒட்டியது, செருப்பை இழுத்து இழுத்து வைத்தாள். அழுகை வரவில்லை. காரியத்தில் மனதைப் போட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்று பட்டது. முதல் பஸ் மூவாருக்கு. ஃபெரி ஏறி அக்கரைக்குப் போக வேண்டும். அங்கிருந்து பத்து பஹாட், அப்புறம் ஜொகூர், பாலம் தாண்டினால் சிங்கப்பூர். ருக்மணிக்கு இரண்டு பாவாடை, எண்ணெய், அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் திருநீறு. இடியப்பக் கூடையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட வேண்டும். சிங்கப்பூர் பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி, யாரையாவது பிடித்து வழி கேட்டால் சொல்வார்கள்.

ஆற்றுப் பாலத்தின் நடுவில் அவள் நின்றுவிட்டாள்.

என்னவென்று கேட்பது? சிங்கப்பூரில் எந்தத் தெரு, எந்த வீடு, என்ன கடை, எதையும் அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பாலத்தில் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தலைமுடி அவிழ்ந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கறுத்த பொம்பளை ஓட்டலை நோக்கித் திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள்.

வெயிட்டர் அப்போது மேசைத் துணியை மாற்றிக்கொண்டிருந்தார். வெயிட்டருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சிங்கப்பூர் தவுக்கே என்பதுதான். அறைக்கு இன்று காலையே கணக்கு முடித்துவிட்டார், புத்தகத்திலும் கோ, சிங்கப்பூர் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது என்றார்.